சால்வை போதாது!

வல்லம், செஞ்சி வட்டார இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

2020-இல் கொரோனாவைப் பரப்பியவர்கள் என்று தப்லீக் ஜமாஅத்தினர் மீது பழி போட்டார்கள். நோயிலிருந்து மீண்ட அதே சகோதரர்கள்தாம் பிற நோயாளிகளுக்குப் பிளாஸ்மா கொடுத்தார்கள். ஏச்சுக்கு அவர்கள் தந்த பதில் அது!

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் கிடக்கும் நம் ஊர் நோயாளிக்கு இரத்தம் தேடி ஓடுபவனும் ஊதியமில்லாத தொண்டன்தான். அவனுக்கு நாம் தருவது? ஆண்டு விழாவில் ஒரு சால்வை!

'அவன் கூலி அல்லாஹ்விடம்' என்கிறோம். உண்மைதான். நம் கடமை யாரிடம்?

இளைஞனே! ஆரோக்கியமான ஆண் 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். உன் பெயரைப் பதிவு செய்! வணிகரே! கடை ஊழியர் இரத்தம் கொடுக்கும் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். தொண்டர்களின் ஆம்புலன்சுக்கு டீசல் போடுங்கள்!

சுமையில் பங்கு கொள்வதே மரியாதை!