கருத்து வேறு, கருமம் ஒன்று

ஒத்த கருத்தினரே ஒன்றுகூடிப் பணிபுரிதல் இயலும் என்று எண்ணுவார் நம்மிடையே பலர். பழைய மாணவர் சங்கமாயினும், கோயிற் பரிபாலன சபையாயினும், கருத்து வேறுபட்டவுடன் ஒரு சாரார் விலகுவர். மற்றொரு சங்கம் முளைக்கும். தொடங்கிய கட்டடம் அரைச்சுவரோடு நிற்கும். இவ்வெண்ணம் பிழையென்பதே எமது துணிபு.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரஞ் செல்லவேண்டுவதில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்றார். ஒருவர் கிறித்து சமயத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் சைவத்திற் சிறிதுந் தளராதவர். ஒருவர் நோக்கம் மற்றவர்க்கு உடன்பாடன்று. ஆயினும், தமிழ் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதில் இருவர்க்கும் பேதமில்லை. ஒரு சொல் பொருந்துமா, பொருந்தாதா என்பதற்கு இலக்கணமும் வழக்குமே நடுவராதல் கூடும். அதற்குச் சமயம் ஒன்றாதல் வேண்டுமோ?

நாவலர் தம் கொள்கையை மறைத்தவருமல்லர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலைப் பதவியையும் விட்டார். மிஷனரிமார் கையாண்ட பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் என்னும் கருவிகளையே தம் சமயப் பணிக்கும் ஆக்கிக்கொண்டார்.

இதனால் யாம் கொள்வது யாது? இணங்கிப் பணிபுரிதற்கு உள்ளம் ஒன்றாதல் வேண்டியதில்லை. செய்யுங் கருமம் இன்னது, அதன் எல்லை இன்னது, அதனை அளக்குங் கோல் இன்னது என்பவற்றில் உடன்பாடு இருப்பின் போதும். நம்பிக்கை குறையுமிடத்தைக் கணக்கும் கூட்டக் குறிப்பும் நிரப்பும். இருவர் ஒப்பமிட்டே வங்கியிற் பணம் எடுத்தல் வேண்டும் என்னும் விதி எவரையுங் கள்வரென்று கூறுவதன்று. ஒருவர்மீது ஒருவர் ஐயமுற்றோரும் ஒருங்கிருந்து பணிசெய்ய வழிவகுப்பதே அவ்விதி.

ஆயின், கொள்கையைக் கைவிட்டாலன்றிச் சேர்க்கமாட்டோம் என்பாரோடும் சேர்தல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. அங்கே விலகுதலே முறை. அதனையும் நேர்நின்று சொல்லி விலகுதல் வேண்டும்.

யூபிலி விழாவிலே ஒரு பந்தலின்கீழ் அமரும் பழைய மாணவர் பல கட்சியினர். பல நாட்டில் வாழ்வோர். நூலகத்துக்கு நூல் வாங்குதற்கும், வறிய மாணவனுக்குக் கைகொடுத்தற்கும் அவர் யாவரும் ஒரே கட்சியினராதல் வேண்டுமோ? விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னரும் அவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வாராயின், அதுவே கல்லூரிக்கு அவர் அளிக்கும் பெருங் காணிக்கையாகும்.