முதலில் போனைப் பாருங்கள்

உயர்விலை நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘இரைச்சலை எது நன்றாக அடக்கும்?’ என்பதுதான். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5, போஸ் கொயட்கம்ஃபர்ட் அல்ட்ரா, ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஆகிய மூன்றுமே அந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. வெளிச்சத்தத்தை மைக் வழியே கேட்டு, அதற்கு எதிரான ஒலியலையை உள்ளே எழுப்பி ஒன்றையொன்று அழிக்கவைப்பதே இந்த நுட்பம். இதை ஹெட்போனில் கொண்டுவரும் எண்ணம் போஸ் நிறுவனர் அமர் போஸுக்கு 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது வந்தது. விமானம், பஸ் எஞ்சின், ஏசி போன்ற ஒரே சீரான, தாழ்ந்த இரைச்சலை இது எளிதாக அடக்குகிறது. திடீரென அலறும் ஹாரனையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் எவ்வளவு செலவழித்தாலும் முழுதாக அழிக்க முடியாது. ஆகவே அன்றாடம் போனோடு பயன்படுத்தப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் கையில் இருக்கும் போனோடு இது எப்படி ஒத்துப்போகும்?

சோனி பெருமையாகச் சொல்லும் எல்டாக் முறை, ப்ளூடூத் வழியே நொடிக்கு 990 கிலோபிட் வரை ஒலித்தகவலை அனுப்பக்கூடியது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அது கிடைக்கும், ஐபோனில் கிடையாது. ஐபோன் ப்ளூடூத்தில் ஏஏசி முறையில்தான் பாட்டை அனுப்பும். எனவே ஐபோன்காரர் எல்டாக்குக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை. மறுபக்கம், இந்தியாவில் 2020இல் 59,900 ரூபாய் விலையில் அறிமுகமான ஏர்பாட்ஸ் மேக்ஸை ஆண்ட்ராய்டு போனோடு இணைத்தால், போனிலிருந்து மடிக்கணினிக்குத் தானாகத் தாவும் வசதி போய்விடும். அமைப்புகளை மாற்ற ஆப்பிளின் ஆப்பும் ஆண்ட்ராய்டில் இல்லை. கொடுத்த விலையில் ஒரு பகுதி பயன்படாமலே கிடக்கும்.

‘பாட்டின் தரம்தானே முக்கியம், மற்றதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். ஓடும் பஸ்ஸில் ஏஏசிக்கும் எல்டாக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிவது மிகவும் கடினம். ஆனால் போன் என்றால் பேச்சும் உண்டு. அழைப்பு வந்து மைக் திறந்ததும், வழக்கமான ப்ளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். அதில் நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகளே செல்லும். பாட்டு சிடியில் இருப்பது 44,100. ஆகவே அழைப்பில் ஒலி சப்பையாகக் கேட்டால் அது ஹெட்போனின் கோளாறு அல்ல. அங்கே வித்தியாசம் காட்டுவது, சுற்றுச் சத்தத்திலிருந்து உங்கள் குரலை மைக் எவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுக்கிறது என்பதுதான். கடையில் பாட்டை மட்டும் போட்டுப் பார்க்காமல், வாசலுக்கு வந்து ஒரு அழைப்பாவது பேசிப் பார்ப்பது நல்லது.

எடையும் சின்ன விஷயமில்லை. சோனி எக்ஸ்எம்5 250 கிராம், ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். இரண்டு மணி நேரம் தலையில் இருந்தால் அந்த வேறுபாட்டைக் கழுத்து சொல்லும். பேட்டரியையும் பாருங்கள்: சென்ஹைசர் மொமென்டம் 4 ஒரே சார்ஜில் 60 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். ஏர்பாட்ஸ் மேக்ஸுக்கு அது 20 மணி நேரம். ‘இதற்குப் பதில் காதுக்குள் செருகும் பட்ஸ் போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. வெயிலில் நடப்பவருக்கும் உடற்பயிற்சி செய்பவருக்கும் பட்ஸ்தான் சரி. காதை மூடும் மெத்தையில் வியர்வை ஊறும், இந்தப் பெரிய ஹெட்போன்களும் நனைவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் நீண்ட பயணம் போகிறவருக்குமே இவை.

இவற்றுக்குச் செலவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளி இரைச்சல் அடங்கினால் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது, காது பிழைக்கும். என் தீர்ப்பு இது: ஆண்ட்ராய்டுக்கு சோனி. ஐபோனுக்கு, ஏர்பாட்ஸ் மேக்ஸைவிட எடை குறைந்த போஸ். போன், கணினி, டேப்லெட் எல்லாமே ஆப்பிள் என்றால் மட்டும் ஏர்பாட்ஸ் மேக்ஸ். பணம் யோசிக்க வைத்தால் மடித்துப் பையில் வைக்கக்கூடிய, சோனியின் பழைய எக்ஸ்எம்4 போதும். எதை வாங்கினாலும், சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.