உறை அழகாக இருந்தால் போதுமா?

கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் உறை வாங்க வரும் மாணவர்களைக் கடைத்தெருவில் பலமுறை கவனித்திருக்கிறேன். நெய்வேலி மெயின் பஜார் ஆனாலும் சரி, மந்தாரக்குப்பம் ஆனாலும் சரி, அவர்கள் கேட்கும் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி விலையைப் பற்றியது. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் உந்தத்தையும் கணத்தாக்கையும் படித்து மதிப்பெண் வாங்கிய அதே மாணவர், கடை வாசலில் அவற்றை மறந்துவிட்டு, பூப் போட்ட உறையா, நடிகர் படம் போட்ட உறையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. உறை என்பது ஆடை அன்று; அது ஓர் இயந்திர உறுப்பு. பல வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து நல்ல கைபேசி ஒன்றுதான் இருக்கிறது. அதன் திரை உடைந்தால் மாற்றுவதற்குப் புதுக் கைபேசியின் விலையில் பெரும்பகுதியைக் கேட்கிறார்கள். ஆகவே விளையாட்டான விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

முதலில் விழுதலைப் பார்ப்போம். 200 கிராம் நிறையுள்ள ஒரு கைபேசி, சட்டைப் பையின் உயரத்திலிருந்து, அதாவது சுமார் 1 மீட்டரிலிருந்து விழுகிறது என்று கொள்ளுங்கள். தரையைத் தொடும்போது அதன் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். மிதிவண்டியில் நிதானமாகச் செல்பவரின் வேகம் இது. அதன் இயக்க ஆற்றலோ 2 ஜூல்தான். இவ்வளவு குறைந்த ஆற்றல் எப்படிக் கண்ணாடியை உடைக்கிறது?

விடை, எவ்வளவு தூரத்திற்குள் அது நிற்கிறது என்பதில் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் வெறும் கைபேசி 1 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். 1000 மில்லிமீட்டர் விழுந்து பெற்ற ஆற்றலை 1 மில்லிமீட்டரில் இழக்க வேண்டுமானால், சராசரி விசை அதன் எடையைப்போல் 1000 மடங்கு இருக்கவேண்டும். அதாவது சுமார் 2000 நியூட்டன். 200 கிலோகிராம் மூட்டையை ஒரு மூலையின்மேல் வைத்ததற்கு ஒப்பாகும். அந்த மூலையில் 4 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய மென்மையான உறை இருந்தால் விசை 500 நியூட்டனாகக் குறைகிறது. ஆற்றல் மாறவில்லை; உந்தமும் மாறவில்லை. நிற்கும் தூரம் மட்டும் நான்கு மடங்காயிற்று, விசை கால் பங்காயிற்று. உறை செய்யும் வேலை முழுவதும் இந்த 3 மில்லிமீட்டரில் அடங்கிவிடுகிறது.

நெய்வேலியில் வாழும் உங்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கக்கூடும். சுரங்கத்துக்குச் செல்பவர் தலைக்கவசத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நாடாக்கள், இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஓடு அடியைப் பரப்புகிறது. நாடா நீண்டுகொடுத்து, நிற்கும் தூரத்தை அதிகரிக்கிறது. இடைவெளியைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்துவிட்டால் கவசத்தின் பயன் குறைந்துவிடும். நல்ல உறையும் இப்படித்தான் அமைந்திருக்கும்: வெளியே பாலிகார்பனேட் போன்ற கடினமான பிளாஸ்டிக், உள்ளே அமுங்கும் பொருள், நான்கு மூலைகளிலும் சிறு காற்றறைகள். முழுவதும் கெட்டியான மெல்லிய பிளாஸ்டிக் உறை கீறலைத் தடுக்கும். விழுந்தால் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதைத்தான் நம்மில் பலர் அழகு என்று வாங்குகிறோம்.

கடையில் உறையைக் கையில் எடுத்ததும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீள்கிறதா? பிறகு கைபேசியை அதில் பொருத்தி, திரை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். திரை மேசையைத் தொடக்கூடாது. உறையின் விளிம்பு 1 மில்லிமீட்டராவது எழும்பி நிற்கவேண்டும். பின்பக்கக் காமிராவுக்கும் இதே சோதனை. இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

"ராணுவத் தரம்" என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். இதைக் கண்டு மயங்கவேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற எண்ணுள்ள சோதனை முறைத் தொகுப்பையே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் ஜி பதிப்பில், 122 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து பக்கங்கள், விளிம்புகள், மூலைகள் என 26 முறை பொருளைக் கீழே போட வேண்டும் என்று இருக்கிறது. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போடவேண்டிய தரை, கான்கிரீட்டின்மேல் விரித்த 5 செண்டிமீட்டர் ஒட்டுப்பலகை! 26 முறையையும் ஒரே பொருளின்மேல் செய்யவேண்டும் என்பதில்லை. ஐந்து பொருள்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். தவிர, தயாரிப்பாளரே சோதித்துத் தாமே அறிவித்துக்கொள்கிறார். ராணுவம் முத்திரை குத்துவதில்லை. நம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒட்டுப்பலகைத் தரை எங்கே இருக்கிறது?

சிலர் நேர் எதிராகவும் வாதிடுவார்கள்: "இக்காலக் கண்ணாடி உறுதியானது, உறையே தேவையில்லை." அதில் ஓரளவு உண்மை உண்டு. கைபேசிக் கண்ணாடியை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்துகிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து அமர்கின்றன. அதனால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்தில் இருக்கிறது. விரிசல் திறக்க இடம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு கீறல் அந்த மெல்லிய அடுக்கைத் தாண்டி ஆழமாக விழுந்துவிட்டால் பாதுகாப்பு போயிற்று.

கீறுவது எது? மணல். மோவின் கடினத்தன்மை அளவில் கண்ணாடி 6-ஐ ஒட்டியிருக்கிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. நம் ஊரில் பழுப்பு நிலக்கரியை எடுக்குமுன் அகற்றவேண்டிய மேல்மண்ணில் கடலூர் மணற்கல் இருக்கிறது. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் எஃகுப் பற்களையே அது தேய்த்துவிடும். அந்தக் குவார்ட்ஸ் துகள்தான் காற்றோடு வந்து உங்கள் சட்டைப் பையில் சாவிக் கொத்தோடு சேர்கிறது. சாவி கண்ணாடியைக் கீறும் என்று பயப்படுகிறோம். சாதாரணச் சாவியின் உலோகம் கண்ணாடியைவிட மென்மையானது. சாவிக்கும் திரைக்கும் நடுவில் அகப்பட்ட மணல் துகளே குற்றவாளி. எனவே, மேலே ஒட்டும் டெம்பர் கிளாஸ் வீண் செலவன்று. கீறல் அதன்மேல் விழட்டும், கழற்றி எறிந்து வேறொன்று ஒட்டிக்கொள்ளலாம். இன்னொன்று: உறைக்கும் கைபேசிக்கும் இடையே புகுந்த மணல் உப்புத்தாள் போல் உராயும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உறையைக் கழற்றித் துடைக்கவேண்டும்.

கழற்றிப் பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் தம் கைபேசி மேசையில் சமமாக நிற்காமல் ஆடுகிறது என்றார். இறுக்கமான உறையைக் கழற்றியபோது பின்பலகை புடைத்திருந்தது. உள்ளே லித்தியம் அயனி மின்கலம் சிதைந்து வாயு உண்டாகி உப்பியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, உறை மறைத்துவிட்டது. இவ்வாறு உப்பிய மின்கலத்தை மின்னேற்றக்கூடாது; குத்தவோ அழுத்தவோ கூடாது; அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடவேண்டும். தீப்பிடிக்கும்.

மின்கலத்தின் பகைவன் வெப்பம். 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்குச் சொல்கிறது. நம் பகுதியிலோ கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. ரப்பர் போன்ற பொருள்கள் அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கடத்துகின்றன. தடித்த ரப்பர் உறைக்குள் கைபேசியை வைத்து, மின்னேற்றிக்கொண்டே காணொளிப் பாடம் பார்ப்பது, மே மாதத்தில் கம்பளி போர்த்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம். குளிர்நாட்டு விளம்பரத்தைப் பார்த்து நாம் உறை வாங்கலாகாது என்று சொல்வது இதனால்தான். மூலைகளில் தடிப்பு, முதுகில் மெலிவு: நம் வெயிலுக்கு ஏற்றது அது. மின்னேற்றும்போது சூடு தெரிந்தால் உறையைக் கழற்றிவிடுங்கள்.

டேப்லெட்டுக்கு வருவோம். அதன் நிறை அரைக் கிலோகிராம் என்றால் 1 மீட்டர் விழும்போது 5 ஜூல் ஆற்றல். அதற்கு 300 கிராம் கனத்தில் ஓர் உறை போட்டால் ஆற்றல் 8 ஜூல் ஆகிவிடும். உறை தன் சொந்த எடையையும் சேர்த்துத் தாங்கவேண்டியிருக்கிறது. கனமான உறை உறுதியானது என்ற நம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது. புத்தகம்போல் மூடும் ஃபிளிப் கவரில் காந்தம் இருக்கும். மூடியதும் திரை அணைவது அதனால்தான். கைபேசியில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து, அந்த உறையை மெல்ல அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வடக்கு எங்கெங்கோ திரும்பும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய தாத்தா வீட்டில் இருந்தால், காந்தம் உள்ள இவ்வகைப் பொருள்களை அவர் மார்புக்கு அருகே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி டாக் எனப்படும் தாங்குமேடை. கருவியை அதன்மேல் செருகி நிறுத்தினால் மின்னேறும். இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: ஊசிமுனை நிலையாகப் பொருத்தப்பட்ட டாக்கை வாங்காதீர்கள். காரணம் நெம்புகோல். 25 செண்டிமீட்டர் உயரமுள்ள டேப்லெட்டின் உச்சியைச் சிறிது தள்ளினால், அடியிலுள்ள சில மில்லிமீட்டர் செருகியில் அந்த விசையின் திருப்புத்திறன் முழுவதும் விழுகிறது. டைப்-சி செருகியைப் பத்தாயிரம் முறை செருகி எடுக்கலாம் என்று தரம் வகுத்திருக்கிறார்கள். நாளைக்கு மூன்று முறை என்றாலும் ஒன்பது ஆண்டு வரும். ஆனால் அது நேராகச் செருகுவதற்கான கணக்கு, பக்கவாட்டில் நெம்புவதற்கன்று. தவிர, தடித்த உறை போட்டால் முனை எட்டாது. தினமும் உறையைக் கழற்றி மாட்டவேண்டும்.

இரண்டாவது காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் 30 முனைச் செருகி 2003-இல் வந்தது. அதற்கென்று எத்தனையோ டாக்குகள் விற்றன. 2012-இல் லைட்னிங் செருகி வந்ததும் அவை குப்பையாயின. 2023-இல் ஐபோனிலும் டைப்-சி வந்தது. லைட்னிங் டாக்குகளுக்கும் அதே கதி. சாதாரணத் தாங்கியும் தனி வயரும் வாங்கியவருக்கு வயர் மட்டுமே நட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் டைப்-சி-யைக் கட்டாயமாக்கியது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023-இல் டைப்-சி-க்கான தரத்தை வெளியிட்டது. ஆகவே இனி வாங்குவது டைப்-சி ஆகவே இருக்கட்டும். வயரில்லாமல் மின்னேற்றும் டாக்கு வேண்டுமென்றால், அதுவும் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான். வயரைவிட அதில் ஆற்றல் இழப்பு கூடுதல், இழப்பெல்லாம் வெப்பம். உறையின் முதுகில் காந்தத் தாங்கிக்காக இரும்புத் தகடு ஒட்டியிருந்தால், சுழல் மின்னோட்டம் தோன்றித் தகடு கொதிக்கும். தகட்டை எடுத்துவிட்டுத்தான் வைக்கவேண்டும்.

வயரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு மெல்லிய வயரின் போக்குவரத்து மின்தடை 0.2 ஓம் எனக் கொள்வோம். 45 வாட் திறனை 5 வோல்ட்டில் அனுப்பவேண்டுமானால் 9 ஆம்பியர் பாயவேண்டும். வயரிலேயே 16 வாட் வீணாகிவிடும், வயர் உருகினாலும் வியப்பில்லை. அதே திறனை 20 வோல்ட்டில் அனுப்பினால் 2.25 ஆம்பியர் போதும். இழப்பு 1 வாட். மின்னழுத்தம் நான்கு மடங்கு, இழப்பு பதினாறில் ஒரு பங்கு. வேக மின்னேற்றிகள் கருவியோடு "பேசி" 9, 15, 20 வோல்ட் என்று ஏற்றிக்கொள்வது இதற்காகவே. இரண்டாம் அனல்மின் நிலையத்திலிருந்து 400 கிலோவோல்ட்டில் மின்சாரம் வெளியேறுவதும் இதே காரணத்தால்தான்; உங்கள் மேசைமேல் அதே ஏற்பாடு சிறிய அளவில் நடக்கிறது.

ஆதலால் டாக்கின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான்கு துளைகள் இருக்கும், மொத்தம் 20 வாட் என்று போட்டிருக்கும். நான்கிலும் செருகினால் ஒவ்வொன்றுக்கும் 5 வாட். டேப்லெட் விடியவிடிய ஏறும். மின்னேற்றியில் இந்தியத் தர முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே அச்சிடாத மின்னேற்றி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் அதை வைக்கவேண்டாம்.