எடை பார்த்த எந்திரம் எடைக்குப் போகலாமா?

காசு போட்டால் எடை சொல்லும் எந்திரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அது ரெயில் நிலையத்தில் நிற்கும். ஏறி நின்றால் வண்ணச் சக்கரம் சுழலும். சின்னச் சின்ன பல்புகள் மின்னும். சக்கரம் நின்றதும் காசைப் போட வேண்டும். "டக்" என்று ஓர் அட்டை விழும். அட்டையின் ஒரு பக்கம் எடை. மறு பக்கம் பலன். பலன் நன்றாக இருந்தால் அட்டை சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். நன்றாக இல்லாவிட்டால் இன்னொரு காசு விழும்!

விருதுநகரில் இருந்து தென்காசிக்குச் செல்லும் ரெயில் பாதை 1927-ல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தப் பாதையில் உள்ள ஊர்கள். அங்கிருந்து குடும்பத்தோடு மதுரைக்கோ சென்னைக்கோ போனவர்களுக்கு, இந்த எந்திரத்தில் ஏறி இறங்குவதும் பயணத்தில் ஒரு பகுதி.

காலம் மாறிவிட்டது. டிஜிட்டல் தராசு வீட்டுக்கே வந்துவிட்டது. செல்போன் வந்ததும், பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போன் போய்விட்டது. வீடியோ கேம் கடைகளும் மூடப்பட்டன. அந்த எந்திரங்கள் எங்கே? சில, கடைக்காரர் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. பல, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

ஊரார் எடையை எல்லாம் பார்த்த எந்திரம் இன்று எடைக்குப் போகிறது!

இது கூடாது என்பது நம் கருத்து. பல எந்திரங்களில் கோளாறு மிகச் சிறியதாகவே இருக்கும். பார்த்துச் சரி செய்தால் எந்திரமும் பிழைக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தொழிலும் தெரிய வரும்.

கோவிலில் பிறந்தது

காசு எந்திரம் நேற்று வந்தது அல்ல. ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா நகரில் ஹீரோ என்ற அறிஞர் வாழ்ந்தார். கோவிலில் தீர்த்தம் தரும் எந்திரம் ஒன்றை அவர் விவரித்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும். அந்தக் கனத்தில் தட்டு சாயும். அடைப்பு திறந்து தீர்த்தம் வழியும். காசு சறுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்.

இன்றைய காசு எந்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. காசு விழ வேண்டும். அது எதையாவது அசைக்க வேண்டும். தட்டு இருந்த இடத்தில் இப்போது சின்ன சுவிட்சு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது எந்த எந்திரம்?

பழைய எந்திரம் கையில் கிடைத்தால், உடனே திருப்புளியை எடுக்காதீர்கள். முதலில் அது என்ன என்று கண்டுபிடியுங்கள்.

பின்பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். செய்தவர் பெயர், எண், எத்தனை வோல்ட் மின்சாரம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். துணியால் துடைத்துப் படியுங்கள்.

அடுத்து, காசு போடும் வாயை அளந்து பாருங்கள். எந்திரத்தின் வயதை அது சொல்லிவிடும்.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அணா கணக்கு போய், 100 காசு கணக்கு வந்தது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. ஒரு ரூபாய் நாணயமும் இளைத்துக்கொண்டே வந்தது. 1975-ல் அதன் அகலம் 28 மில்லிமீட்டர், எடை 8 கிராம். 1992-ல் வந்த நாணயம் 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்ததோ ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். எடை 4 கிராம் கூட இல்லை.

வாயில் எந்தக் காசு சரியாக நுழைகிறதோ, அந்தக் காலத்து எந்திரம் அது.

காந்தம் செய்யும் குறும்பு

காசுக்குப் பதில் இரும்பு வாஷரைப் போட்டு ஏமாற்றும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைப் பிடிக்க, பல எந்திரங்களில் காசு போகும் வழியில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். வாஷர் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய ரூபாய் ஒட்டாது. நேராகப் போய்விடும்.

1992-ல் வந்த எவர்சில்வர் ரூபாயோ காந்தத்தில் ஒட்டும்! அதனால் பழைய எந்திரம் நல்ல காசையே கள்ளக் காசு என்று பிடித்து வைத்துக்கொள்ளும்.

"எந்திரம் கெட்டுவிட்டது" என்பார்கள். எந்திரம் கெடவில்லை. காசு மாறிவிட்டது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரைக் குடிக்க அது போதும். எனவே பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பிளக்கைப் பிடுங்கினாலும் ஆபத்து முழுதும் போய்விடாது. உள்ளே கெப்பாசிட்டர் என்ற சிறு டப்பி இருக்கும். அது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தன்னுள்ளே தேக்கி வைத்திருக்கும். பழைய வீடியோ கேம் பெட்டியில் பிக்சர் டியூப் இருந்தால், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக் கூடும். அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவே வேண்டாம். டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். ஈரத் தரையில் நிற்காதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஆனால் தொடக் கூடாது.

நாமே செய்யக்கூடியவை

காசு போகும் வழியை முதலில் பாருங்கள். தூசி, சிலந்திக் கூடு, குச்சி, மடித்த காகிதம் எல்லாம் அதில் அடைத்திருக்கும். பிரஷ்சால் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் மேலும் தூசியைச் சேர்க்கும்.

காசு பட்டதும் அழுந்தும் மெல்லிய கம்பி ஒன்று சுவிட்சின் மேல் இருக்கும். அது வளைந்திருந்தால், காசு விழுந்த செய்தி உள்ளே போகாது. விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். "கிளிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும்.

வயரை எலி கடித்திருந்தால் டேப் சுற்றாதீர்கள். முழு வயரையும் மாற்றுங்கள். பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூசைத்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது வீட்டுக்கு நாமே தீ வைப்பது போல.

எந்த வயரைக் கழற்றினாலும், கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் சேர்க்கும்போது தடுமாற்றம் இருக்காது.

சர்க்யூட் பலகையில் பாட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருக்கிறதா? கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா? அவைதான் நோயின் அடையாளம். அதற்கு மேல் ரேடியோ மெக்கானிக்கின் வேலை. அவர் முதல் தடவை மின்சாரத்தை நேராகக் கொடுக்க மாட்டார். 100 வாட் குண்டு பல்பை இடையில் சேர்த்துக் கொடுப்பார். பல்பு மின்னி மங்கினால் பயம் இல்லை. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

கடைக்குப் போனால் சட்டம்

சரி செய்த எடை எந்திரத்தை வீட்டில் வைத்து வேடிக்கை பார்க்கலாம். காசு வாங்கி ஊராருக்கு எடை சொல்ல வேண்டும் என்றால், அது வேறு. எடை அளவுக் கருவிகளுக்கு 2009-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தொழிலாக அதைப் பழுது பார்ப்பவருக்கு லைசென்சு வேண்டும். எந்திரத்துக்கு அரசு முத்திரை வேண்டும். பொய் எடை காட்டும் எந்திரம், எவ்வளவு அழகாக மின்னினாலும் பொய் எந்திரமே.

இன்னொரு வகையும் உண்டு. காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரம் சுழலும் சூதாட்ட எந்திரம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் பே என்பவர் 1890-களில் அதைப் பிரபலமாக்கினார். கோவாவிலும் சிக்கிமிலும் உள்ள சூதாட்ட விடுதிகளில் அதன் இன்றைய வடிவம் இருக்கிறது. அதில் சக்கரம் நிற்கும் இடத்தை உள்ளே உள்ள சிப்புதான் முடிவு செய்கிறது. போடும் பணத்தில் ஒரு பங்கு நீண்ட நாளில் முதலாளிக்கே மிஞ்சும்படி கணக்குப் போட்டுத்தான் அதைச் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதி நடத்துவது 1930-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாட்டரிச் சீட்டும் 2003-ல் ஒழிந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025-ல் பாராளுமன்றமே தடைச் சட்டம் போட்டது. எனவே சூது எந்திரம் கையில் கிடைத்தால், அது எப்படி ஏமாற்றுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காசு வைத்து ஆட விடாதீர்கள்.

கை வேலை வாழ வேண்டும்

ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை வந்தது. ஆலை வந்த ஊரில் பிட்டரும் எலெக்ட்ரீஷியனும் பெருகினார்கள். சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறைச் சொல்லும் தொழிலாளிகள் அவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுகிறது. ஓடும் முன் அச்சையும் சக்கரத்தையும் பார்த்துச் சரி செய்கிறார்கள். பழையது என்று தேரை யாரும் எடைக்குப் போடுவது இல்லை.

அந்தப் புத்தி வீட்டுப் பொருளுக்கும் வர வேண்டும். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர், விடுமுறை நாளில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பழைய எந்திரத்தைப் பிரித்துக் காட்டலாம். புத்தகத்தில் படித்த மின்சாரத்தை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

எவ்வளவு முயன்றும் சரியாகாத எந்திரமும் இருக்கும். அப்போதும் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. மின்னணுக் கழிவை வாங்க அரசு அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் கொடுங்கள்.

ஆனால் அது கடைசி வழி. அதற்கு முன்னால் ஒரு தூரிகை, ஒரு திருப்புளி, கொஞ்சம் பொறுமை. இந்த மூன்றுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள்.