மணல்வாரி வந்து போனால் நல்லதா?

"மணல்வாரி ஒரு தடவை வந்து போயிட்டா குழந்தை தேறிடும்" என்று எங்கள் திருத்தணிப் பக்கம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணும், "ஊசி எதுக்குக்கா? வேப்பிலை போட்டு மூணு தண்ணி ஊத்திட்டா ஆச்சு" என்றாள். வேப்பிலை போடட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. 'தேறிடும்' என்கிறார்களே, அதுதான் நேர்மாறு.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களின் மேலே சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. 'ஏற்பி' என்பார்கள். ஓர் அணு இன்னோர் அணுவோடு சேதி பேச உதவுபவை இவை. எல்லாக் கொக்கியையும் அணு எப்போதும் ஒரே அளவில் செய்து வைப்பதில்லை. சும்மா இருக்கும்போது கொஞ்சம். கிருமி வந்து உசுப்பிவிட்டால் நிறைய. எங்கள் ஊரில் சாதாரண நாளில் நாலு தேங்காய், பூக் கடை. கிருத்திகை என்றால் திண்ணையெல்லாம் கடை. அந்த மாதிரிதான்!

கூட்டம் சேர்ந்தால் திருடனும் வருவானே? 'ஸ்லாம்' என்று ஒரு கொக்கி. மணல்வாரி, அதாவது தட்டம்மைக் கிருமி, இதைப் பிடித்துத்தான் அணுவுக்குள் நுழைகிறது என்று 2000-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். முன்பு வந்த நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் அணுக்களில் இந்தக் கொக்கி அதிகம். பாவம், அவைதான் முதலில் பலியாகின்றன.

2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, அம்மை வருமுன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம்! அம்மை இறங்கிய பிறகும் சளி, பேதி, நிமோனியா என்று பிள்ளை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பது இதனால்தான். ஊசி போட்ட குழந்தைகளுக்கு இந்த நஷ்டம் இல்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, செல்போனில் வந்த வதந்தியை நம்பிப் பல பெற்றோர் வேண்டாமென்றார்கள். முகாமை நீட்டிக்கவேண்டி வந்தது. படித்தவர்களும் இதில் உண்டு என்பதுதான் வேடிக்கை.

முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16-லிருந்து 24 மாதத்துக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். லேசான சளிக்காக நாளைத் தள்ளவேண்டாம். அம்மை கண்டுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஏ மருந்து அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பார்கள். குழந்தையின் கண்ணுக்கு அது காவல்.