காருக்கு மூட்டு வலி!

கார் சத்தம் போட்டால் மெக்கானிக்குக்குக் காது கேட்டால் போதும், நமக்கென்ன என்றுதான் நானும் வெகு நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் முதன்முதலாகத் தெருவுக்கு வந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன ரகம். போன மாதம் வீரபாண்டிப் பிரிவிலிருந்து பல்லடம் ரோட்டில் போகும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் "டொக், டொக்" என்றது.

"ஏன் அம்மிணி, வண்டிக்கும் என்னையாட்டவே மூட்டுத் தேஞ்சு போச்சாக்கும்?" என்றார் பின் ஸீட்டில் இருந்த என் மாமியார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அது அட்சரம் பிசகாத உண்மை! காரின் பாரத்தைத் தாங்குவது சுருள் கம்பி. அதை மட்டும் நம்பினால் பள்ளத்தில் விழுந்த கார் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துவாரங்கள் வழியே சிரமப்பட்டு நுழைவதால் ஆட்டம் அடங்குகிறது. இரும்பும் இரும்பும் கூடும் இடங்களில் 'புஷ்' என்ற ரப்பர் வளையம் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், அது பனியன் கழுத்தின் ரிப் மாதிரி. புதிதில் இழுத்து விட்டால் பழையபடி வந்து உட்காரும், நைந்துவிட்டால் தொளதொளதான். பிறகு இரும்பு இரும்பை இடிக்கிறது.

ஒரு பட்டறையில் காட்டினோம். நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். காரின் மூலையை அமுக்கி விட்டுப் பார்த்தான். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டது. எண்ணெய்க் கசிவும் இல்லை. கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பினான். புஷ் கிழிந்து தொங்கியது!

"நாமே மாத்திரலாமுங்க்கா" என்றான். என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு வாசலுக்கு வந்தவள் திடுக்கிட்டுப் போனேன். டயர் மாற்றும் ஜாக்கியின் மேல் கார் நிற்கிறது. பக்கத்தில் துணைக்கு இரண்டு ஹாலோ பிளாக் கல். அவர் அடியில் நுழையப் போகிறார்!

"ஏனுங்க, ஸ்டாண்டு எங்கீங்க?"

"அஞ்சு நிமிஷ வேலைக்கு ஸ்டாண்டு எதுக்கு?"

"அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தானுங்க கேக்கறேன்."

ஹாலோ பிளாக் சுவரில் பாரம் தாங்கும். இரும்பு ஓரிடத்தில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். தம்பியை அனுப்பி, தெரிந்த இடத்திலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டு வரவழைத்தேன். ஒரு மணி நேரம் வீண் என்று அவருக்கு மகா கோபம்.

கார் ஸ்டாண்டின் மேல் வந்தது. துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. அவர் பலங்கொண்ட மட்டும் ஸ்பானரை இழுத்தார். கார் ஒரு குலுங்கு குலுங்க, ஜாக்கி நழுவி விழுந்தது! ஸ்டாண்டு பிடித்துக்கொண்டது. அவர் மெள்ள வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் தண்ணீர் கேட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வேலை நடந்தால், சகோதரிகளே, நீங்கள் ஸ்பானர் பிடிக்கவேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும். தரை சமமாக இருக்கிறதா? கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா? சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே தளர்த்தினார்களா? ஸ்டாண்டு இல்லாமல் யாரையும் அடியில் விடாதீர்கள்.

புஷ்ஷை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். போல்ட்டைக் கார் தொங்கும்போது முழுதாக முறுக்கக்கூடாது. காரை இறக்கி, பாரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகே இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்க்கவேண்டும், இல்லையென்றால் டயர் ஒருபக்கம் தேயும்.

சுருள் கம்பியைப் பிரிப்பது மட்டும் வீட்டு வேலையே அல்ல. அமுக்கிக் கட்டிய கம்பி, மேலே உள்ள நட்டைக் கழற்றினால் பாய்ந்து அடிக்கும். அதைப் பட்டறையிலேயே பிரிக்கட்டும். பால் ஜாயிண்ட் ஆடினாலும் நாள் கடத்தக்கூடாது. அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும்.

மறு வாரம் பல்லடம் போனோம். வேகத்தடைகளில் ஒரு சத்தமும் இல்லை.

"வண்டிக்கு மூட்டு மாத்தியாச்சு. எனக்கு எப்போ?" என்றார் மாமியார்.

பதில் சொல்லத் தெரியாமல் அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். இப்போதெல்லாம் வீட்டில் எந்த வேலை ஆரம்பித்தாலும், "ஸ்டாண்டு இருக்குதா பாரு" என்று முதலில் கேட்பவர் அவர்தான்!