பேய் கீறினால் எதிர்ப்பாகிவிடுமா?

அல்பீன் புருனோவ்ஸ்கியின் படங்களை இணையத்தில் பகிர்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு பகுதி, "ஆகா, கனவுலகம்!" எண்டு ஒரு வரி எழுதிப்போட்டுப் போயிடும். மற்றப் பகுதி, கோரமாகக் கீறுகிற எவரும் அதிகாரத்தை எதிர்க்கிற கலைஞர்தான் எண்டு முடிவு கட்டிவிடும். எனக்கு இரண்டோடும் பிரச்சினை இருக்கு. கூடுதலான பிரச்சினை இரண்டாவதோடு.

முதல்ல ஆளைப் பார்ப்பம். புருனோவ்ஸ்கி 1935இல் பிராட்டிஸ்லாவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சொஹோர் கிராமத்தில் பிறந்தவர். போரின் கொடுமையை அச்சோவியங்களில் கொண்டுவந்த வின்சென்ட் ஹ்லோஷ்னிக்கிடம் படித்தவர். சிலர் இவரை சர்ரியலிஸ்ட் எண்டுகினம், சிலர் கற்பனை யதார்த்தவாதி எண்டுகினம். பெயருக்காகச் சண்டை வேண்டாம். பெண்களின் தொப்பிகளில் செடியும் பூச்சியும் குட்டி மனிதர்களும் முளைக்கிற அந்தச் செதுக்கோவியங்களை ஒருக்கால் பார்த்தால் மறக்க ஏலாது. அழகும் அருவருப்பும் ஒரே கோட்டில் ஓடும்.

இனி அவருடைய மற்ற வேலை. செக்கோஸ்லோவாக்கியாவின் கடைசிப் பணத்தாள்களை வடிவமைத்தவரும் இவர்தான். 1985இன் 1000 கொருனாத் தாளில் இசைமேதை ஸ்மெத்தானா. 1989இன் 100 கொருனாத் தாளில் கிளெமென்ட் கொட்வால்ட்.

கொட்வால்ட் ஆர்? 1948இல் ஆட்சியைக் கைப்பற்றிய கம்யூனிஸ்ட் தலைவர், பிறகு ஜனாதிபதி. அவருடைய ஆட்சியில், 1950இல், சாவிஷ் கலண்ட்ரா தூக்கிலிடப்பட்டார். கலண்ட்ரா பிராக் சர்ரியலிஸ்டுகளுக்கு நெருக்கமான விமர்சகர். ஸ்டாலினின் மொஸ்கோ வழக்குகளைக் கண்டித்ததற்காகக் கட்சிக்கு வெளியே போனவர். அவரைக் காப்பாற்றக் குரல் கொடுக்கச் சொல்லி ஆந்த்ரே பிரெத்தோன், பழைய தோழரான கவிஞர் போல் எலுவாருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எலுவார் மறுத்திட்டார். 1952இல் ஸ்லான்ஸ்கி வழக்கில் இன்னும் 11 பேருக்குத் தூக்கு.

அந்த முகத்தைத்தான் புருனோவ்ஸ்கி தாளுக்குள் கொண்டுவந்தார்.

"கலை வேறு, பிழைப்பு வேறு" எண்டு உடனே ஒருத்தர் வருவார். இந்த இடத்தில் அந்த வாதம் நிக்காது. பணத்தாளின் முகமும் செதுக்கோவியமும் ஒரே குடும்பத் தொழில்நுட்பம்: உலோகத் தகட்டில் கோடு பள்ளமாக இறங்கும், பள்ளத்தில் மை நிரம்பும், அழுத்தத்தில் கடதாசி அதை உறிஞ்சும். கள்ளத்தாள் அடிக்க ஏலாமல் செய்கிறதும் அந்த நுணுக்கமான கோடுதான். பூச்சிகளைக் கீறிய திறமைதான் தாளுக்கும் போனது.

யாருடைய முகம் வரவேணும் எண்டதை ஓவியர் தீர்மானிக்கிறேல்ல. உண்மை. 1968இல் சோவியத் தாங்கிகள் வந்த பிறகு அந்த நாட்டில் வேலையை இழந்தவர்கள் ஏராளம். அதுவும் உண்மை. 1966 தொடக்கம் 1990 வரை அவர் கலைக்கழகத்தில் படிப்பித்ததால்தான் ஒரு முழுத் தலைமுறை உருவானது. 1988இல் சிறுவர் நூல் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் விருதை வென்ற டுஷான் கல்லாய் அவரிடமும் படித்தவர்தான். இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை.

ஆனா அதே நாட்டில், அதே காலத்தில், பிராக் சர்ரியலிஸ்ட் குழுவைச் சேர்ந்த யான் ஷ்வாங்க்மயருக்கு 1970களில் பல வருசம் படம் எடுக்கத் தடை. அவரும் கோரத்தைத்தான் காட்டினார். அப்ப அதிகாரம் கோரத்தைக் கண்டு பயப்படேல்ல. அந்தக் கோரம் ஆரைச் சுட்டுது எண்டதைத்தான் பார்த்தது. பெயரில்லாப் பேய்க்குக் கண்காட்சி மண்டபம் கிடைக்கும். பேய்க்கு விலாசம் இருந்தால் கதவு பூட்டுப்படும்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், எங்களில் படம் கீறுகிற பலருக்கும் இந்த மயக்கம் இருக்கு. சிதைந்த முகம், உருகும் உடல், இருட்டு நிறம் – உடனே "எதிர்ப்புக் கலை" எண்டு பெயர் வைச்சிடுறம். ஆரை எதிர்க்குது எண்டு கேட்டால் பதில் இல்லை.

கொட்வால்ட் தாள் 1989 ஒக்டோபரில் வந்தது. அடுத்த மாதமே ஆட்சி ஆட்டம் கண்டது. 1990 முடிவோடு தாளும் செல்லாக்காசு. புருனோவ்ஸ்கி 1997இல் காலமானார். அவருடைய செதுக்கோவியங்கள் இன்னும் நிக்குது, நிக்கவும் வேணும். அடுத்தமுறை அதில ஒண்டைப் பகிரேக்க, பக்கத்தில அந்த 100 கொருனாத் தாளையும் போடுங்கோ. அவரை முழுசா மதிக்கிறது அப்பிடித்தான்.